வாசிக்கிறவர்கள், பாடுகிறவர்கள் உடம்புக்கு வந்தது: உங்கள் அனுபவம்?

வில்லும்விரலும்
மார்கழிக் கச்சேரி, நான் பக்க வயலின். மெயின் உருப்படி கல்யாணி ராகம், ஸ்வரம் குறைப்புக்கு வந்தாயிற்று; பாடகரும் நானும் மாறி மாறி, சுருக்கிக்கொண்டே போகும் இடம். பாடகர் முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். என் மோதிர விரல் தந்தியில் இறங்காமல் உள்ளங்கைக்குள் சுருண்டுகொண்டது. வலியே இல்லை. வில்லை மட்டும் இழுத்து ஷட்ஜத்தில் நின்றேன். அவர் இரண்டு விநாடி பார்த்துவிட்டு அடுத்ததையும் தானே பாடிவிட்டார். அந்த இரண்டு விநாடிதான் இன்னும் போகமாட்டேன் என்கிறது.

அப்புறம் எலும்பு டாக்டர், எம்ஆர்ஐ, எல்லாம் நார்மல். சட்டைப் பொத்தான் போட அதே விரல் ஒழுங்காக வரும். வயலினைத் தொட்டால்தான் மடங்கும். எட்டு மாதம் கழித்து ஒரு நரம்பு டாக்டர் பெயர் சொன்னார்: டிஸ்டோனியா.

தவில்காரன்
உங்களுக்கு விரல், எனக்குக் காது. பேத்திக்குக் கொலுசு போட்டு நடக்கவிட்டார்கள். "சத்தத்தைக் கேளுங்க மாமா" என்றாள் மருமகள். கொலுசு ஆடுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை. எல்லோரோடும் சேர்ந்து சிரித்து வைத்தேன். 27 வருஷம் மடியில் தவில், பக்கத்தில் நாகஸ்வரம். காது சோதித்தவர் ஒரு கணக்குச் சொன்னார்: 85 டெசிபல் என்றால் எட்டு மணி நேரம் தாங்கலாம், மூன்று டெசிபல் கூடக்கூட நேரம் பாதியாகும், 100 டெசிபலுக்குக் கால் மணிதான். கால் மணியில் சுவாமி கோபுர வாசலைக்கூடத் தாண்டியிருக்காது!

பழையரசிகர்
நான் மூன்று வருஷம் வீணை கற்றேன், மணிக்கட்டு வலித்தது, விட்டுவிட்டேன். வயலின் தம்பிக்கு ஒன்று சொல்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். இது சாதகக் குறைவு, பயிற்சி போதவில்லை. அந்தக் காலத்தில் விடிகாலை நாலு மணிக்கு உட்கார்ந்தவர்களுக்கு இந்த வியாதியெல்லாம் வந்ததா? இரவில் நல்லெண்ணெய் சூடாக்கித் தேயுங்கள். காலையில் வெந்நீரில் கையை வைத்து எடுத்து, ஏழு அலங்காரப் பயிற்சியும் மூன்று வேகத்தில் வாசியுங்கள். இப்போது செய்வதைவிட இரண்டு மணி நேரம் கூட வாசியுங்கள். ரப்பர் பந்து ஒன்று வாங்கிப் பிசையுங்கள். ராத்திரி தயிர் வேண்டாம். தவில் அண்ணன் காதில் பஞ்சு வைத்துக்கொள்ளலாம்.

தவில்காரன்
பஞ்சு சத்தத்தைப் பெரிதாகத் தடுக்காது ஐயா, அதற்கென்று அடைப்பான் இருக்கிறது. அதைப் போட்டாலும் நாகஸ்வரக்காரர் எங்கே விடுகிறார் என்று எனக்குப் பிடிபடுவதில்லை. அதனால்தான் கழற்றிவிட்டேன்.

சுருதிபிசகு
சாதகக் குறைவா? அமெரிக்கப் பியானோ கலைஞர் லியோன் ஃப்ளைஷருக்கு 1960களில் வலது கையில் இரண்டு விரல் இப்படித்தான் மடங்கின. அவருக்கா பயிற்சி போதவில்லை? வருஷக்கணக்கில் இடது கைக்கு எழுதியதை வாசித்தார். 1990களில் தசையைத் தளர்த்தும் போடாக்ஸ் ஊசி உதவிய பிறகுதான் வலது கை ஓரளவு திரும்பியது. விரலை இயக்கும் மூளையின் கட்டளை குழம்புவது இது. எண்ணெய் அங்கே போகாது.

என் கதை சின்னது. மேடை ஏறினால் கை நடுங்கும். சக பாடகி ஒருத்தி படபடப்பை அடக்கும் தன் ப்ரோப்ரனலால் மாத்திரையில் ஒன்று கொடுத்தாள். நடுக்கம் நின்றது. ஆனால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அந்த மாத்திரை ஆகவே ஆகாதாம். வர்ணம் முடிவதற்குள் நெஞ்சில் விசில். முதல் வரிசையில் அம்மா தன் பையில் இன்ஹேலரைத் துழாவிக்கொண்டிருந்தார், நான் சரணத்தில் இருந்தேன்.

வில்லும்விரலும்
பழையரசிகர் ஐயா, அந்த இரண்டு மணி நேரக் கூடுதல் சாதகத்தை மூன்று மாதம் செய்துதான் பார்த்தேன். சுண்டு விரலும் சேர்ந்துகொண்டது.