பிரிட்டன் மாணவர் விசா: அப்பாவின் கணக்கில் பணம் காட்டியவர்கள் கொஞ்சம் உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். முதுகலை படிக்க பிரிட்டன் போகிறேன், பல்கலைக்கழகத்திலிருந்து சி.ஏ.எஸ். எண் (சேர்க்கையை உறுதிசெய்து விசாவுக்காகத் தரும் எண்) வந்துவிட்டது, இப்போது விசா விண்ணப்பத்தில் பணம் காட்டும் இடத்தில் வந்து நிற்கிறேன். கட்டணத்தில் மீதியும், அதிகபட்சம் 9 மாதங்களுக்கான தங்கும் செலவும் சேர்ந்த தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருக்க வேண்டும், ஒரு நாள்கூட அதற்குக் கீழே இறங்கக் கூடாது, ஸ்டேட்மென்ட்டின் கடைசித் தேதி விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 31 நாட்களுக்குள் இருக்க வேண்டும். இதுவரை சரி.

சிக்கல் என்னவென்றால், பணம் அப்பா பெயரில் இருக்கிறது, அதில் பாதி வைப்புநிதியில். அது இந்த 28 நாட்களுக்கு நடுவில் முதிர்ந்து சேமிப்புக் கணக்குக்கு வந்துவிடும். இரண்டு கணக்கின் ஸ்டேட்மென்ட்டையும் சேர்த்துக் கொடுத்தால் போதுமா, இல்லை பணம் வந்த நாளிலிருந்து மறுபடி 28 நாள் எண்ண வேண்டுமா? ஒரு ஏஜென்ட் ஒன்று சொல்கிறார், இன்னொருவர் நேர் எதிராகச் சொல்கிறார்.

அப்புறம், அப்பா கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தோடு என் பிறப்புச் சான்றிதழும் வைக்க வேண்டும். சான்றிதழில் அப்பாவின் பெயர் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அஃபிடவிட் போதுமா, சான்றிதழையே திருத்த வேண்டுமா? திருத்தப் போனால் வகுப்பு தொடங்கிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. அப்பா வருடக்கணக்கில் சேர்த்த பணம் இது, ஒரு காகிதத்தால் விசா மறுக்கப்பட்டால் அவர் தாங்க மாட்டார்.

கேள்விப்பட்டது வேண்டாம். இதே நிலையில் விண்ணப்பித்து விசா வாங்கியவர்கள் என்னென்ன காகிதங்கள் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள். மறுக்கப்பட்டவர்களும் காரணத்தை எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.