மறு: ஸ்பெசிமன் – மாதிரியா, செடிப்பாடமா?

வணக்கம். உலர்தாவரகத்தில், அதாவது செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேமிக்கும் இடத்தில் (herbarium), இருக்கும் ஸ்பெசிமனுக்குத் தமிழில் "செடிப்பாடம்" என்று சொல்லலாம் என்றேன். அதற்கு வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> "மாதிரி" என்றே விட்டுவிடலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் வேறாகப் புரியும். மலேசியாவின் தாப்பாவில் எங்கள் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளிடம் மாதிரி என்றால் அட்டையில் ஒட்டிச் செய்த வீடுதான். மண் மாதிரி, நீர் மாதிரி என்பவையோ சோதித்த பிறகு கொட்டிவிடுகிறவை. உலர்தாவரகத்தில் இருப்பதைக் கொட்ட முடியாது. செடிகளுக்கு இருசொல் பெயர் முறையை வகுத்த லின்னேயஸ் 18ஆம் நூற்றாண்டில் சேர்த்த செடிகள் இன்றும் லண்டனில் தாளோடு இருக்கின்றன. பெயரில் சந்தேகம் வந்தால் அவற்றைத்தான் எடுத்துப் பார்க்கிறார்கள்.

சபாவில் உள்ள கினபாலு மலையின் பூச்செடிகளை வைத்துக்கொண்டு யோசித்துப் பாருங்கள். உச்சிப் பாறை இடுக்கில் வளர்பவை குட்டையானவை. அனுமதி வாங்கித்தான் எடுக்க வேண்டும். எடுத்தால் வேரோடு எடுக்க வேண்டும். மெத்தையாகப் படர்ந்ததை நெடுக்காகப் பிளந்து உள்ளமைப்பும் தெரிய வைக்க வேண்டும். பிறகு நாளிதழுக்கும் ஒற்றுத்தாளுக்கும் இடையே அழுத்தி, ஈரத் தாளை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் உடனே காய வைக்க வழியில்லையா, நாளிதழ்க் கட்டோடு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஆல்கஹால் ஊற்றி மூடிவிடுவார்கள். பூஞ்சணம் பிடிக்காது, அடிவாரம் வந்து காய வைக்கலாம். பூவின் நிறம் போய்விடும். அதனால் நிறம், இடம், உயரம், நாள், எடுத்தவர் பெயர், எண் எல்லாம் சீட்டில் ஏறும். சீட்டு இல்லாவிட்டால் அது வெறும் சருகு. கடைசியில் பூச்சி சாகக் கடுங்குளிரில் உறைய வைத்துத்தான் உள்ளே சேர்ப்பார்கள்.

இவ்வளவையும் "உலர்" என்ற சொல் தாங்காது. புகையிலையைப் பாடம் போடுகிறோம், தோலைப் பாடம் செய்கிறோம், அருங்காட்சியகத்துப் புலியையும் "பாடம் செய்த புலி" என்கிறோம். அழுகக்கூடியதைப் பக்குவப்படுத்தி நிலைக்க வைப்பதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே! அதனால்தான் செடிப்பாடம் என்றேன்.

> பிள்ளைகள் அறிவியல் பாடம் என்று நினைப்பார்களே அண்ணே?

கொஞ்சம் நினைப்பார்கள் தங்கச்சி. "செடியைப் பாடம் செய்" என்று வினையாகப் பழக்கிவிட்டால் தெளிந்துவிடும். ஆனால் கட்டடத்துக்குப் பாடகம் வேண்டாம். அது காலில் போடும் நகை. உலர்தாவரகமே இருக்கட்டும்.

இன்னொரு சொல் ஆல்பைன்: உயர்மலையில் மரம் வளரும் எல்லையான மரவரம்பையும் தாண்டி வளரும் செடி. அதற்கு "மலைச்செடி" போதாது. கேமரன் மலையின் பிரிஞ்சாங் சுமார் 2,000 மீட்டர், அங்கே பாசி மூடிய காடு. கினபாலு 4,095 மீட்டர், உச்சியில் மரமே கிடையாது. "மரவரம்புக்கு மேற்பட்ட செடி" நீளம்தான், ஆனால் பொய் சொல்லாது. சுருக்கித் தருபவருக்கு என் ஓட்டு.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது: புதிய இனத்துக்குப் பெயர் வைக்கும்போது ஆதாரமாகக் குறிக்கும் டைப் ஸ்பெசிமன். மூலப்பாடம் என்றால், அது நூலின் மூல வாசகம் ஆயிற்றே என்று சுவடிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். பெயர்ச்சான்றுப் பாடம் சரியா?