1986ல கட்டின வீடு, ஜன்னல் எல்லாம் மாத்தணும்: யுபிவிசியா, அலுமினியமா, மரமேவா?

திருவான்மியூர்_வீடு:

எல்லாருக்கும் வணக்கம். எங்க வீடு திருவான்மியூர்ல, எல்.பி. ரோட்டை ஒட்டின தெரு, அப்பா 1986ல கட்டினது, கீழ ஒரு போர்ஷன் மேல ஒரு போர்ஷன். ஜன்னல் எல்லாமே அந்தக் காலத்து மர நிலை, நடுவுல சதுரக் கம்பி, வெளிப்பக்கம் திறக்குற ரெட்டைக் கதவு. மொத்தம் 9 ஜன்னல், எல்லாம் நாலடிக்கு நாலரையடி, அது போக பாத்ரூம்ல ரெண்டு வென்டிலேட்டர். பிரச்சனை என்னன்னா கடல் காத்துல கம்பி துரு ஏறி, நிலைக்குள்ள சொருகியிருக்குற இடத்துல உப்பி மரத்தையே பொளந்துருக்கு, பின்பக்கம் ரெண்டு ஜன்னல்ல கரையான் வேற, ஐப்பசி கார்த்திகை வந்தா கதவு ஊறிப்போய் மூடவே மாட்டேங்குது, அம்மா ராத்திரி துணியை மடிச்சு சொருகி வச்சுட்டுத்தான் படுக்குறாங்க.

நாலு இடத்துல ரேட் கேட்டேன். பக்கத்துல ஒரு கடையில யுபிவிசி (கெட்டி பிளாஸ்டிக்) ஸ்லைடிங், அதான் பக்கவாட்டுல தள்ளுறது, சதுரடி 550, பெரிய கம்பெனி ஒண்ணு 950, சாதா அலுமினியம் 420, இன்னொருத்தர் சிஸ்டம் அலுமினியம்னு (ப்ரேம், கீல், பூட்டு எல்லாம் ஒரே செட்டா வர்றது) 1100 சொல்றாரு. ஒவ்வொருத்தரும் அடுத்தவங்களோடது ரெண்டு வருஷம்கூட தாங்காதுன்றாங்க. பட்ஜெட் 2 லட்சம், இழுத்துப் பிடிச்சா இன்னும் கொஞ்சம். மாத்தினவங்க, இந்தத் தொழில்ல இருக்குறவங்க யாராவது விவரமா சொல்லுங்களேன்.

பாலவாக்கம்_வாசி:

மேடம், நாங்க பாலவாக்கம், கடல் உங்களைவிடக் கிட்ட. பழைய இரும்பு ஜன்னலை எடுத்துட்டு யுபிவிசி போட்டோம், உப்புக்காத்துக்கு அந்த ப்ரேமுக்கு ஒண்ணும் ஆகல, மழைக்கும் ஊறாது, பெயின்ட் செலவும் இல்ல. அந்த வகையில நான் தைரியமா சொல்வேன்.

ஆனா ரெண்டு விஷயம் கடைக்காரங்க யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. முதல்ல கம்பி. உங்க கம்பி நிலையோட சேர்ந்தது, நிலையைப் பேத்தா கம்பியும் போயிடும். அப்புறம் புதுசா கிரில் அடிக்கணும், அது ஜன்னல் ரேட்ல வராது. சாதா இரும்புல அடிச்சா கடல் பக்கத்துல திரும்ப அதே துரு, எஸ்.எஸ். 304, அதான் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்ல ஒரு கிரேடு, போட்டா எங்க ஏரியாவுல சதுரடிக்கு 600 வரைக்கும் கேட்டாங்க, அதாவது ஜன்னல் விலையே இன்னொரு தடவை.

ரெண்டாவது காத்து. ஸ்லைடிங்ல எந்த நேரத்துலயும் பாதிதான் திறக்கும், உங்க நாலடி ஜன்னல்ல ரெண்டடிக்கும் குறைவாத்தான் காத்து வரும். இப்ப ரெட்டைக் கதவை முழுசா திறந்து வச்சுப் பழகின அம்மாவுக்கு ரூம் புழுங்குற மாதிரி இருக்கும், எங்க வீட்டுல அதுதான் பெரிய பேச்சா இருந்துச்சு. ஹால், பெட்ரூமுக்காவது திறக்குற மாதிரி, அதான் கேஸ்மென்ட், கேளுங்க. விலை கூட, ஆனா கடல் காத்து வர்ற வீட்டுல பாதியை அடைச்சு வைக்குறது எனக்கு மனசு ஒப்பல. கொசுவலைக் கதவு உள்பக்கம் திறக்குற மாதிரியும் கம்பி நடுவுலயும் வச்சுக்கலாம், இப்ப இருக்குற மாதிரியே கம்பிக்கு நடுவுல கையை விட்டு கண்ணாடிக் கதவைத் தள்ளலாம்.

ஸ்லைடிங் போட்டா ஷட்டர், அதான் கண்ணாடிக் கதவு, மேல தூக்கிக்காம இருக்க உள்ள ஒரு கட்டை மாதிரி ஒண்ணு மாட்டுவாங்க, அது இருக்கான்னு பாருங்க. 2016 டிசம்பர் 12 வர்தா புயல் அன்னிக்கு எங்க தெருவுல சில வீட்டுல ஷட்டர் தடத்தை விட்டே கழண்டு வந்துச்சு.

பேப்ரிகேட்டர்_போரூர்:

நான் அலுமினியம் யுபிவிசி ரெண்டும் பண்றேன், அதனால எந்தப் பக்கமும் பேசல. சதுரடி ரேட்டை மட்டும் வச்சு கம்பேர் பண்ணாதீங்க மேடம், 550க்கும் 950க்கும் நடுவுல என்னென்ன கழண்டு போயிருக்குன்னு பாருங்க.

யுபிவிசின்றது உள்ள அறை அறையா இருக்குற பிளாஸ்டிக் குழாய், அதுக்குள்ள ஜிஐ (துத்தநாகம் பூசின) இரும்புப் பட்டி ஓடணும், அதுதான் பலம். விலையைக் குறைக்கணும்னா முதல்ல இதைத்தான் எடுப்பாங்க, இல்லன்னா ப்ரேம்ல மட்டும் போட்டுட்டு ஷட்டர்ல விட்டுடுவாங்க, வெளியில பாத்தா வித்தியாசமே தெரியாது. ஷோரூம்ல நிக்கும்போது ஒரு நல்ல காந்தத்தை எடுத்து ஷட்டரோட நாலு பக்கமும் வச்சுப் பாருங்க, பிளாஸ்டிக்குக்கு மேலயே இழுக்கணும், எந்தப் பக்கம் இழுக்கலயோ அங்க பட்டி இல்ல. அதே காந்தத்தை கிரில் கடைக்கு எடுத்துட்டுப் போய் 304ன்னு நம்பிடாதீங்க, விலை கம்மியான 202வும் காந்தத்துல ஒட்டாது, அதுக்கு பில்லுல கிரேடு எழுதி வாங்குறதுதான் வழி.

அப்புறம் கண்ணாடி. 5 எம்எம் டஃபன்டா (சூடாக்கி பலமாக்கினது) சாதாவான்னு கேளுங்க, டஃபன்ட்னா மூலையில சின்னதா முத்திரை இருக்கும். அதை சூடாக்கி டஃபன் பண்ணின பிறகு வெட்ட முடியாது, அதனால அளவு தப்பாச்சுன்னா புதுசா வரணும், வேலை இழுக்கும். மூலை நாலும் சூட்டுல உருக்கி ஒட்டினதா இருக்கணும், ஸ்க்ரூ போட்டு சேர்த்தது வேண்டாம். கீழ் தடத்துல மழைத்தண்ணி வெளியேற ஓட்டை இருக்கணும், அந்தத் தண்ணி போற அறை வேற, இரும்புப் பட்டி இருக்குற அறை வேறயா இருக்கணும், உங்க ஏரியாவுக்கு இது ரொம்ப முக்கியம், உப்புத்தண்ணி பட்டியில இறங்குனா உள்ளுக்குள்ளயே துருப்பிடிக்கும்.

அந்த 420 அலுமினியம் உங்க இடத்துக்கு நான் சொல்ல மாட்டேன். மெல்லிசு செக்‌ஷனா இருக்கும், அதுல சாதா இரும்பு ஸ்க்ரூ போட்டுட்டுப் போவாங்க, இரும்பும் அலுமினியமும் உப்புக்காத்துல ஒண்ணோட ஒண்ணு பட்டா அலுமினியம் வெள்ளைப் பொடியா அரிக்க ஆரம்பிக்கும். அலுமினியம்தான்னா கனமான செக்‌ஷன், நல்ல பவுடர் கோட்டிங், எல்லா ஸ்க்ரூவும் எஸ்.எஸ்.

கணக்கும் போட்டுக்குங்க. உங்க 9 ஜன்னல் 162 சதுரடி, வென்டிலேட்டர் ஒரு 6, ஆக 168. 550 ரேட்டுக்கு 92,400, ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்தா 1,09,000. 950 ரேட்டுக்கு ஜிஎஸ்டியோட 1,88,000. கேஸ்மென்ட் கேட்டா இதுக்கும் மேல. இதுல எஸ்.எஸ். கிரில் 97,000 சேருங்க, நிலையைப் பேத்த இடத்துல பூச்சு, பெயின்ட், மேல் மாடிக்கு சாரம், அது ஜன்னலுக்கு ஒரு 3,000 வச்சா 27,000. அந்த 550 ரேட் ஜன்னலே 2,33,000 வரைக்கும் வந்து நிக்குது பாருங்க. வென்டிலேட்டருக்கு பல பேர் குறைஞ்சபட்ச அளவுன்னு ஒண்ணு வச்சு பில் போடுவாங்க, அதையும் இப்பவே கேட்டுடுங்க.

தாம்பரம்_சிவில்:

கட்டட வேலையில ரொம்ப காலம் இருந்தவன், இப்ப ரிட்டையர்ட். ஒரு கேள்வி கேக்குறேன் தங்கச்சி, 9 ஜன்னலையும் ஏன் பேக்கணும்? 1986ல நல்லபடியா கட்டின வீட்டுல தேக்கு போட்டிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு. இன்னிக்கு அந்த மரத்தை அந்த வயசுல வாங்கவே முடியாது, புதுசா தேக்குல ஒரு ஜன்னல் பண்ணக் கேட்டுப் பாருங்க, அப்ப தெரியும் உங்க சுவத்துல எவ்வளவு பணம் நிக்குதுன்னு.

ஒரு ஸ்க்ரூ டிரைவர் எடுங்க, ஒவ்வொரு நிலையிலயும் கீழ்க்கட்டை, அப்புறம் சுவரோட ஒட்டுற ரெண்டு பக்கமும் அழுத்திக் குத்துங்க. தட்டிப் பாருங்க, டொக்குன்னு வெத்தா கேட்டா உள்ள அரிச்சிருக்கு, கெட்டியா கேட்டு நுனி இறங்கலன்னா மரம் நல்லாருக்கு. மேல் பெயின்ட் உரிஞ்சிருக்குறதைப் பாத்து முடிவு பண்ணக் கூடாது. நல்ல நிலையை விட்டுட்டு கம்பியையும் கதவையும் மட்டும் மாத்தலாம், செலவு பாதிகூட ஆகாது, சுவத்துல கை வைக்க வேண்டாம்.

கம்பி மாத்த நிலையைப் பிரிக்கணும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. பழைய கம்பியை நடுவுல அறுத்து எடுத்துட்டு, மேல்கட்டை ஓட்டையை ரெண்டு இன்ச் ஆழமா தோண்டணும், கீழ ஒரு இன்ச். இடைவெளியைவிட ரெண்டு இன்ச் நீளமா எஸ்.எஸ். கம்பி வெட்டி மேல முழுசா ஏத்தி, நேரா நிறுத்தி கீழ ஒரு இன்ச் இறக்கினா ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இன்ச் பிடிச்சுக்கும், அப்புறம் மேல மிச்சமிருக்குற குழியை எபாக்ஸி பசை வச்சு அடைச்சுட்டா திரும்ப தூக்க முடியாது. விவரம் தெரிஞ்ச ஆசாரிக்கு இது சாதாரண வேலை. 304 கம்பியும் கடல் பக்கத்துல லேசா டீக்கலர்ல கறை பிடிக்கும், அது மேலோட்டமான துருக்கறைதான், கம்பியோட பலத்தைக் குறைக்காது, மாசத்துக்கு ஒரு தடவை நல்ல தண்ணி விட்டுத் துடைச்சா போதும். 316 இன்னும் நல்லது, விலையும் அப்படி.

பொளந்த இடத்தை வெட்டி எடுத்து அதே மரத்துல துண்டு வச்சு ஒட்டலாம். மழைக்கு ஊறுதுன்றதுக்கு, வெயில் காலத்துல கதவைக் கழட்டி ஓரத்தை இழைச்சு, முக்கியமா மேல் விளிம்பு கீழ் விளிம்பு ரெண்டுக்கும் பெயின்ட் அடிக்கணும். எந்த வீட்டுலயும் அந்த ரெண்டு விளிம்பை விட்டுடுறாங்க, தண்ணி அங்கதான் குடிக்குது.

கரையான் விஷயம் தனி. அது மண்ணுல இருந்து சுவர் வழியா வருது, ஜன்னலை பிளாஸ்டிக்கா மாத்தினா அடுத்து அலமாரிக்கும் கதவு நிலைக்கும் போகும். முதல்ல தரையோரம் ஓட்டை போட்டு மருந்து ஏத்துங்க, மத்த வேலை அப்புறம்.

திருவான்மியூர்_வீடு:

அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே எல்லாத்தையும் குத்திப் பாத்தேன். பின்பக்க ரெண்டும் போச்சு, கீழ்க்கட்டையில ஸ்க்ரூ டிரைவர் பாதி இறங்கிடுச்சு, மண்ணா கொட்டுது. மேல் மாடி மேற்கு ரூம் ஜன்னல்ல ஒரு பக்கம் மட்டும் மெத்துன்னு இருக்கு. மிச்ச 6ம் கல்லு மாதிரி இருக்கு, பெயின்டை சுரண்டினா உள்ள நல்ல தேக்கு நிறம், அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். அப்பா பர்மா பஜார் பக்கம் எங்கயோ போய் மரம் பாத்து எடுத்தாருன்னு இப்பத்தான் சொல்றாங்க.

அந்த மேற்கு ரூம் பத்தி ஒரு டவுட். சாயங்காலம் நாலு மணிக்கு உள்ள நிக்க முடியாது, அதோட எல்.பி. ரோடு பஸ் ஹாரன். டபுள் கிளாஸ் போட்டா ரெண்டும் தீரும்னு சேல்ஸ்ல வந்தவர் சொன்னாரு, உண்மையா? அந்த ரூம்ல ஏசி இருக்கு, ராத்திரி மட்டும் போடுவோம்.

கண்ணாடி_கடை:

சிஸ்டர், டபுள் கிளாஸ் ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல அடைச்ச காத்து, அது உள்ள இருக்குற ஏசி குளிர்ச்சி வெளிய போகாம பிடிக்கும். நேரா அடிக்குற வெயில் கண்ணாடி தெளிவா இருந்தா ரெண்டு கண்ணாடியையும் தாண்டி உள்ள வந்துடும். நாள் முழுக்க ஏசி ஓடுற ரூமுக்கு அந்தப் பணம் திரும்ப வரும், பகல்ல ஜன்னல் திறந்து வைக்குற ரூமுக்கு வராது.

மேற்கு வெயில் சாஞ்சு வர்றதால சன்ஷேடும் மறைக்காது. வெயில் கண்ணாடியைத் தொடறதுக்கு முன்னாடி வெளியிலயே மறைக்கணும், உள்ள எவ்வளவு கனமான கர்ட்டன் போட்டாலும் சூடு ஏற்கனவே ரூமுக்குள்ள வந்தாச்சு. வெளிப்பக்கம் மூங்கில் தட்டியோ வெட்டிவேர் தட்டியோ கட்டி மதியம் இறக்கி விடுங்க, செலவும் கம்மி. கண்ணாடியை மாத்துறதுன்னா வெயில் சூட்டைக் குறைச்சு விடுற சோலார் கன்ட்ரோல் கண்ணாடின்னு கேட்டு வாங்குங்க.

சத்தத்துக்கு லேமினேட்டட் நல்லது, ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல ஒரு மெல்லிசு ஷீட் வச்சு ஒட்டினது, உடைஞ்சாலும் கீழ கொட்டாது. ஆனா ஸ்லைடிங்ல போட்டுப் பிரயோஜனம் இல்ல, அதுல ப்ரஷ் இருக்குற இடுக்கு வழியா சத்தம் வந்துடும். கேஸ்மென்ட்ல ரப்பர் சுத்தி அழுத்திப் பிடிக்கும், அங்கதான் வித்தியாசம் தெரியும். அந்த ஒரு ரூமுக்கு யுபிவிசி கேஸ்மென்ட், லேமினேட்டட், வெளிய தட்டி.

பேப்ரிகேட்டர்_போரூர்:

தாம்பரம் சார் சொன்னதுதான் சரி, எனக்கு 9 ஜன்னல் ஆர்டர் வர்ற இடத்துல 3 வந்தாலும் அதையே சொல்வேன். அந்த மூணுக்கு 54 சதுரடி, நல்ல ரேட்லயே கேஸ்மென்ட் எடுத்தாலும் உங்க பட்ஜெட் தாங்கும்.

பிட்டிங் பண்ணும்போது கிட்ட நில்லுங்க. ப்ரேமுக்கும் சுவத்துக்கும் நடுவுல 5ல இருந்து 10 எம்எம் இடைவெளி, அதுல பியு ஃபோம் (உப்பி இறுகி இடைவெளியை அடைக்குற நுரை), அதுக்கு வெளிய சிலிகான். சில பேர் இடைவெளி பெருசாயிட்டா வெறும் சிலிகானாலயே மூடிட்டுப் போயிடுவாங்க, ஒரு மழைக்கு ஒழுகும். ஜன்னலுக்குக் கீழ இருக்குற சுவர் திட்டு வெளிப்பக்கமா சரிவா இருக்கணும், அதைப் பூச்சு வேலையிலயே சரி பண்ணணும், பிறகு பண்ண முடியாது. முடிஞ்சதும் ஹோஸ் பைப்புல வெளியில இருந்து பத்து நிமிஷம் தண்ணி அடிச்சுப் பாத்துட்டு மிச்சப் பணத்தைக் குடுங்க, 10 சதவீதமாவது அதுவரைக்கும் கையில வச்சுக்குங்க. எல்லாத்தையும் செப்டம்பருக்குள்ள முடிங்க, அக்டோபர்ல மழை தொடங்கிட்டா பேத்த சுவரை வச்சுக்கிட்டு கஷ்டப்படணும்.

திருவான்மியூர்_வீடு:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். முதல்ல கரையான் மருந்து, அடுத்து 6 ஜன்னலுக்கு ஆசாரியை வச்சு கம்பியும் கதவு ரிப்பேரும், பின்பக்கம் ரெண்டும் மேற்கு ரூமும் யுபிவிசி கேஸ்மென்ட். கொட்டேஷன்ல பட்டி, கண்ணாடி, ஸ்க்ரூ, கிரில் கிரேடு எல்லாம் எழுதிக் கேட்டிருக்கேன், ஒருத்தர் எழுதித் தர மாட்டேன்னுட்டாரு, அவரை விட்டாச்சு. திருவான்மியூர் அடையாறு பக்கம் பழைய மரவேலை பொறுமையா பண்ற ஆசாரி யாராவது தெரிஞ்சா தனி மெசேஜ்ல சொல்லுங்க.