எலுமிச்சைத் துளிர்கள் மஞ்சளாக வருகின்றன: இரும்புச்சத்துக் குறைபாடுதானா?

வணக்கம். தொட்டியில் வளரும் என் எலுமிச்சைச் செடியில், ஒரு மாதமாகத் துளிர்க்கும் இலைகளெல்லாம் நரம்புகள் மட்டும் பச்சையாகவும் இடைப்பகுதி வெளிறிய மஞ்சளாகவும் வருகின்றன. முதிர்ந்த இலைகளோ கரும்பச்சை மாறாமல் இருக்கின்றன. தழைச்சத்தோ மக்னீசியமோ குறைந்தால், செடி அவற்றைப் பழைய இலைகளிலிருந்து எடுத்துத் துளிருக்கு அனுப்பும் என்பதால் மஞ்சள் முதலில் கீழேதான் தெரியும். இங்கே அது தலைகீழாக இருப்பதால் இரும்புச்சத்துக் குறைபாடு என்றே கருதுகிறேன். (மக்னீசியச் சத்துள்ள எப்சம் உப்பை அவசரப்பட்டு இருமுறை இட்டது வீண் வேலை.)

இலையின் அடியில் பூச்சி எதுவுமில்லை; வடிகாலும் சரியாக உள்ளது. மண்ணின் பிஎச் (அமில-கார) அளவு 7.8, அதாவது கார மண்; நான் ஊற்றுவதோ உப்புப் படியும் கடினநீர். ஆகவே மண்ணில் இரும்பு இருந்தும் காரத்தால் அது கரையாமல், வேரால் எடுக்க இயலவில்லை போலும்.

இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைக்கும் உரங்களில் ஈடிடிஏ வகை இத்தகைய கார மண்ணில் நிலைக்காது என்பதால், காரத்திலும் நிலைக்கும் ஈடிடிஎச்ஏ வகையை வேரில் ஊற்றலாமா, அல்லது பெரஸ் சல்பேட் எனும் இரும்பு உப்பை இலைவழியாகத் தெளிப்பது போதுமா? கந்தகத்தூள் இட்டுத் தொட்டி மண்ணின் காரத்தைக் குறைத்தவர்கள், மாற்றம் தெரிய எத்தனை வாரங்களாயின என்பதையும் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.