கிராம சபையில் மகளிர் குழுக்கள்: கண்டதும் கற்றதும்

பாலக்கோடு பக்கமிருந்து:
தமிழ்நாட்டில் சுய உதவிக் குழுக்கள் 1989-ல் முளைத்ததே கிருஷ்ணகிரி பிரியாத பழைய தர்மபுரியில்தான். சேமிப்பு, கடன், வசூல் எல்லாம் நம் பெண்களுக்குத் தண்ணி பட்ட பாடு. கிராம சபையில் மட்டும் கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். அங்கே எது எடுபடுகிறது, எது எடுபடாமல் போகிறது என்று அவரவர் ஊரில் பார்த்ததை எழுதுங்கள்.

ஊத்தங்கரை பக்கமிருந்து:
முதல் கோளாறே அந்தக் கையெழுத்துதான். வெற்றுப் பக்கத்தில் வருகைக் கையெழுத்தை வாங்கிவிட்டுத் தீர்மானத்தைப் பிறகு எழுதுவார்கள். நாம் பேசியது ஒன்று, நோட்டில் இருப்பது வேறு. தீர்மானம் எழுதி, உரக்கப் படித்துக் காட்டி, கடைசி வரிக்குக் கீழே இடைவெளி விடாமல் கையெழுத்து என்று கேட்டு நில்லுங்கள். கேட்கிற பலம் நமக்கு உண்டு. 501 முதல் 3,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 100 பேர் இருந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வேண்டிய ஆள் கணக்கு. 3,001 முதல் 10,000 வரை என்றால் 200. குழுவுக்கு 12 முதல் 20 பேர். ஆறேழு குழு சேர்ந்து வந்தாலே சின்ன ஊராட்சியில் கோரம் பெண்களாலேயே நிறைந்துவிடும்.

பென்னாகரம் பக்கமிருந்து:
தண்ணீர் விஷயத்தைச் சொல்கிறேன். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்தது நிலத்தடி நீரில் கலந்து பல்லைக் கெடுக்கும் ஃப்ளோரைடிலிருந்து நம்மைக் காக்கத்தான். ஆனால் காவிரித் தண்ணீர் ஏறும் அதே மேல்நிலைத் தொட்டியில் போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரையும் ஏற்றினால் ஃப்ளோரைடு திரும்ப வந்துவிடும். கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அளவு கூடத்தான் செய்யும். பிள்ளைகளின் முன்பற்களில் பழுப்புக் கோடு விழுந்தபின் வருந்திப் பயனில்லை.

"நல்ல தண்ணி வேணும்" என்று எழுதினால் "நடவடிக்கை எடுக்கப்படும்" என்றுதான் பதில் வரும். தண்ணீரை ஊரிலேயே சோதிக்கும் களப் பரிசோதனைப் பெட்டியைக் கேட்டு வாங்கி, தெருக்குழாயிலும் போரிலும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். மருந்துத் துளி விட்டதும் இளஞ்சிவப்பாகவே நின்றால் ஃப்ளோரைடு குறைவு. மஞ்சளுக்குத் திரும்பினால் அதிகம். நிற அட்டையோடு வைத்து, லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டுகிறதா என்று பார்த்துத் தேதி, நேரம், குழாய் இருக்கும் இடத்தோடு எழுதுங்கள். பெட்டி காட்டுவது தோராயம்தான். அதனால் தீர்மானத்தில் "இன்ன தெருத் தொட்டித் தண்ணீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதிக்கவும், போர் இணைப்பைப் பிரித்துத் துணி துவைக்கத் தனித் தொட்டிக்கு விடவும்" என்று இடமும் வேலையும் பிரித்து எழுத வையுங்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினக் கிராம சபை இதற்கென்றே வாய்த்த நாள்.

காவேரிப்பட்டணம் பக்கமிருந்து:
பென்னாகரம் அக்கா சொன்னதோடு இன்னொன்று. தீர்மானம் போட்டதோடு விட்டால் அது நோட்டிலேயே தூங்கும். நகல் கேளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) ஆபீஸ் பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. நகலை இணைத்து, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுங்கள். ஒரு மனுவில் ஒரே கோரிக்கை. தண்ணீரையும் முதியோர் பென்ஷனையும் சேர்த்து எழுதினால் ஏதோ ஒரு துறைக்குப் போய், அந்தப் பாதியோடு முடிந்ததாகக் கணக்காகிவிடும். மனு எண் எழுதிய ரசீதை வாங்காமல் வெளியே வராதீர்கள்.

அரூர் பக்கமிருந்து:
கட்சிக் கூட்டத்துக்கு ஆள் சேர்க்கக் குழுவைக் கூப்பிடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. "வராவிட்டால் லோன் கிடைக்காது" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், வங்கி பார்ப்பது குழுவின் வரவு செலவும் திருப்பிக் கட்டிய ஒழுங்கும்தான். எந்தக் கட்சியில் இருப்பது என்பது அவரவர் விருப்பம். குழுவின் பெயரில் மட்டும் போகவேண்டாம். அப்படிப் போனால் மற்றக் கட்சி வீட்டுப் பெண்கள் ஒதுங்குவார்கள், கிராம சபையில் நமக்கு வேண்டிய நூறு பேர் ஐம்பதாகிவிடுவார்கள். தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருகிற எல்லோரிடமும் அதே தொட்டி, அதே தெரு, அதே கேள்வி எழுதிய ஒரே தாளை நீட்டுங்கள். யார் என்ன பதில் சொன்னார் என்பதைக் குழு நோட்டில் தேதியோடு எழுதிவையுங்கள்.