ஊருணிச் சேற்றில் பி.எச்.பி. உடையவில்லை: தெளிவட்டமும் இல்லை, மீத்தேனும் இல்லை

ஆத்தங்குடி_மைக்ரோ:
காரைக்குடி பக்கத்து ஊருணிச் சேற்றிலிருந்து, காற்றில்லாமல் பி.எச்.பி.யை (பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட், பாக்டீரியா சேர்த்துவைக்கும் மக்கும் பிளாஸ்டிக்) உடைக்கும் பாக்டீரியாவைப் பிரிக்க வேண்டும். தூளைக் குளோரோஃபார்மில் கரைத்து, தண்ணீரில் அடித்துக் கலக்கி, ஒரு மணி நேரம் சூடாக்கிக் குளோரோஃபார்மை ஓட்டியாயிற்று. 120 மி.லி. சீரம் பாட்டிலில் 50 மி.லி. மீடியம், 50 மி.கி. பி.எச்.பி., 5 மி.லி. சேறு. 30 டிகிரியில் ஐந்து வாரம். மீத்தேன் இல்லை. அகர் தட்டில் பி.எச்.பி. 0.3%, ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் 0.5%. காலனி மொய்க்கிறது, ஒன்றைச் சுற்றியும் தெளிவட்டம் (பி.எச்.பி. கரைந்ததைக் காட்டும் தெளிந்த வளையம்) விழவில்லை. சில பாட்டிலில் ரெசாசூரின் (ஆக்ஸிஜன் இருந்தால் இளஞ்சிவப்பாகவும் போனால் நிறமற்றும் இருக்கும் சாயம்) இளஞ்சிவப்பாகவே நிற்கிறது. எங்கே தப்பு?

செம்புறாங்கல்:
பி.எச்.பி. போடாமல் சேறு மட்டும் உள்ள பாட்டில் வைத்தீர்களா? அதில் மீத்தேன் வருகிறதா?

ஆத்தங்குடி_மைக்ரோ:
கொஞ்சம் வருகிறது சார். அதுதான் புரியவில்லை. தீனி போட்டதில் இல்லை, போடாததில் இருக்கிறது.

செம்புறாங்கல்:
அப்படியானால் குளோரோஃபார்ம் மிச்சம் இருக்கிறது. மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியா என்ற நுண்ணுயிர்களை வேண்டுமென்றே நிறுத்த ஆய்வகங்களில் சேர்ப்பதே அதுதான். மிகக் கொஞ்சம் போதும். சூடாக்கினால் வாசனை போகும், துகளுக்குள் சிக்கியது லேசில் போகாது.

கரைப்பானே வேண்டாம். 1 கிராம் தூள், 100 மி.லி. தண்ணீர், ஐஸில் வைத்து சோனிகேட்டர் (மீயொலியால் தூளைச் சிதறடிக்கும் கருவி): ஒரு நிமிடம் ஓட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, பத்து முறை. பிறகு பத்து நிமிடம் அசைக்காமல் வைத்து, மேலே நிற்கும் பால்போன்ற பி.எச்.பி. கலங்கலை மட்டும் எடுங்கள். அதில் 5 மி.லி.யைக் காயவைத்து எடை போட்டால் அளவு தெரியும். பி.எச்.பி. உருகுவது 175 டிகிரி வாக்கில், ஆகவே ஆட்டோகிளேவ் தாங்கும். கட்டி தட்டினால் மறுபடி கலக்குங்கள்.

இன்னொன்று: மீத்தேன் இல்லை என்பதால் பி.எச்.பி. உடையவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். உடைப்பது ஒரு கூட்டம், மீத்தேன் ஆக்குவது வேறு கூட்டம். பழைய பாட்டிலைக் கொட்டுமுன் ஜி.சி.யில் (வாயு குரோமட்டோகிராஃபி) அசிட்டேட்டும் பியூட்டிரேட்டும் பாருங்கள். நொதித்தால், பி.எச்.பி.யின் கண்ணியான ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் இரண்டுக்கு இரண்டு அசிட்டேட், ஒரு பியூட்டிரேட் என்ற கணக்கை ஒட்டி வரும்.

கண்மாய்க்கரை:
தட்டுக் கதை வேறு. 0.5% ஈஸ்ட் எக்ஸ்ட்ராக்ட் விருந்து, அதைத் தின்றுதான் அத்தனை காலனியும். 0.02%க்கு மேல் வேண்டாம். 1990-ல் விவரிக்கப்பட்ட இல்யோபாக்டர் டெலாஃபீல்டியை என்ற பாக்டீரியா பி.எச்.பி.யை நொதிக்கும், ஆனால் விரல்விட்டு எண்ணும் பொருள்களையே தின்னும். அப்படிப்பட்டது இந்தக் கூட்டத்தில் அமுங்கிவிடும். தட்டில் பூசுமுன் பி.எச்.பி. மட்டுமே தீனியாக உள்ள பாட்டிலில் மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் 10% புதுப் பாட்டிலுக்கு மாற்றி வளர்த்துக்கொள்ளுங்கள்.

0.3% கலங்கலை முழு அகரிலும் கலந்தால் சிறு வட்டம் கண்ணுக்கே தெரியாது. அடியில் வெறும் அகர் 15 மி.லி., மேலே 0.1% பி.எச்.பி. கலந்த 5 மி.லி. மெல்லிய படலம். தட்டுகளைக் காற்றில்லாமல் வைக்கும் ஜாடி கசிகிறது என்ற சந்தேகம் இருந்தால் ஹங்கேட் ரோல் ட்யூப் (உள்சுவரில் அகர் படிந்த மூடிய குழாய்), 2% அகர். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் வட்டம் பளிச்சென்று தெரியும். நான்கு வாரமாவது பொறுங்கள்.

ஆத்தங்குடி_மைக்ரோ:
இளஞ்சிவப்புக்கு என்ன செய்ய? சேறு கரையோரம் எடுத்தது, செந்நிறம். மூடி சிலிக்கான் ரப்பர்.

செம்புறாங்கல்:
இரண்டுமே காரணம். சிலிக்கான் வழியே ஆக்ஸிஜன் ஊறும். தடித்த ப்யூட்டைல் ரப்பர் மூடி, மேலே அலுமினிய வளையம். நம் செம்மண்ணில் உள்ள ஃபெரிக் இரும்பு, மீடியத்தில் ஆக்ஸிஜனை நீக்கச் சேர்க்கும் சல்ஃபைடைத் தின்றுவிடும், பாக்டீரியாவுக்கு ஆக்ஸிஜனுக்குப் பதிலாகவும் உதவும். அது தீரும்வரை மீத்தேன் பின்தங்கும். தண்ணீருக்கடியில், மேற்சேற்றை விலக்கி, கறுத்த சேற்றை எடுங்கள்.

சிஸ்டீன் லிட்டருக்கு 0.5 கிராம், சோடியம் சல்ஃபைடு 0.3 கிராம், சல்ஃபைடைத் தனியாக நைட்ரஜனில் ஆட்டோகிளேவ் செய்து கடைசியில் ஊசியால் ஏற்றுங்கள். நிறம் முழுதும் போன பிறகே சேறு.

கண்மாய்க்கரை:
கணக்குக்கு: 50 மி.கி. பி.எச்.பி. முழுக்க மீத்தேனாகப் போனால் 0 டிகிரியில் சுமார் 29 மி.லி. மீத்தேன். வெறும் சேற்றுப் பாட்டிலின் அளவைக் கழித்துவிட்டு ஒப்பிடுங்கள்.