மூளை எடை – உடல் எடை: சாய்வு 0.75 வரமாட்டேங்குது, அவசரம்

குட்டிஎலி: நாளைக்கு அறிக்கை கொடுக்கணும். ரெண்டு எடைக்கும் லாக் எடுத்து நேர்கோடு பொருத்தினேன். சாய்வு 0.52தான் வருது. பாலூட்டிகளுக்கு 0.75 வரணுமே? கிராமை மில்லிகிராமா மாத்தியும் அதேதான். எங்க தப்பு?

அகிலா_உயிரியல்: அலகு மாத்தினா வெட்டுத்துண்டுதான் (கோடு அச்சை வெட்டுற இடம்) நகரும், சாய்வு நகராது. எந்த விலங்கு? என்ன வயசு? புதுசா எடுத்த மூளையா, ஃபார்மலின்ல இருந்ததா? ஃபார்மலின்ல முதல் சில நாள் வீங்கி எடை கூடும். ரெண்டையும் கலக்கக் கூடாது. முகர்குமிழ் (மூளையோட முன்னால இருக்கிற, வாசனையைக் கையாளுற பகுதி) மண்டையோட்டுலயே தங்கிடுதான்னும் பாருங்க.

கோட்டுக்காரன்: நீங்க கோடு பொருத்தின மீச்சிறு வர்க்க முறைதான் (least squares) காரணம். உடல் எடையில இருக்கிற பிழையை அது கணக்குல எடுக்காது, கோடு தட்டையாகும். சாய்வை ஒட்டுறவுக் கெழுவால (ரெண்டு எடையும் எவ்வளவு சேர்ந்து மாறுதுன்னு காட்டுற எண், r) வகுத்துப் பாருங்க.

குட்டிஎலி: சாரி, ஆய்வக வெள்ளை எலி, சுண்டெலி இல்ல. பிறந்த நாள்லேர்ந்து முதிர்ந்தது வரை மொத்தம் 64 எலி. எல்லாம் ஃப்ரெஷ். ஆர்-ஸ்கொயர் 0.85.

அகிலா_உயிரியல்: ஆர்-ஸ்கொயர்ங்கிறது ஒட்டுறவுக் கெழுவோட வர்க்கம், அப்போ கெழு 0.92. வகுத்தா 0.565. கோட்டுக்காரன் சொன்னது போதாது.

பரிணாமன்: இந்த விவரம் முதல் பதிவிலேயே இருந்திருக்க வேண்டும். அடிப்படையைப் படிக்காமல் கோடு போட்டால் இப்படித்தான் ஆகும். 0.75 என்பது வெவ்வேறு இனங்களின் முதிர்ந்த விலங்குகளை ஒப்பிடும்போது வருவது. ஒரே இனம் வளரும்போது கோடு ஒன்றல்ல, இரண்டு. பிறந்த எலிக்கு உடல் 6 கிராம், மூளை கால் கிராம் அளவு. மூன்று வாரத்தில் மூளை ஏறத்தாழ ஒன்றரை கிராம். அதன்பின் உடல் பல மடங்கு பெருத்தாலும் மூளை 2 கிராமைச் சுற்றியே நின்றுவிடும். செங்குத்தையும் தட்டையையும் ஒரே கோட்டில் கட்டியதால் நடுவில் 0.52 கிடைத்திருக்கிறது.

கோட்டுக்காரன்: இனங்களுக்கு இடையிலும் 0.75 முடிவான எண் இல்லையே. மூளை அளவை ஆராய்ஞ்ச ஜெரிசன் 1973-ல 2/3 வச்சுத்தான் கணக்குப் போட்டார்.

பரிணாமன்: 2/3 உடலின் பரப்பளவை வைத்துச் சொன்ன விளக்கம். 1981-ல் மார்ட்டின் என்ற ஆய்வாளர் கூடுதல் இனங்களை எடுத்து 0.76 அருகில் காட்டினார், தாயின் வளர்சிதை மாற்றத்தோடு இணைத்தார்.

கோட்டுக்காரன்: நெருங்கின இனங்களை மட்டும் எடுத்தா சாய்வு இன்னும் இறங்குமே! எந்தக் கூட்டத்தை எடுக்குறோம்கிறதுதான் எண்ணை முடிவு பண்ணுது.

அகிலா_உயிரியல்: அதுக்குத் தனி இழை போடுங்க, அவருக்கு நாளைக்குக் கெடு. குட்டிஎலி, கோட்டுக்கும் புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தை உடல் எடைக்கு எதிரா வரைங்க. நடுப்புள்ளிகள் மேலயும் ரெண்டு ஓரமும் கீழயும் வில்லா வளைஞ்சிருந்தா, 21-ம் நாள்ல, பால் மறக்கிற வயசுல, பிரிச்சு ரெண்டு கோடு போடுங்க. முதல் பாதி 0.9 பக்கம், அடுத்தது 0.15 பக்கம் வரணும். கினிப்பன்றியா இருந்தா இந்த முறிவு பிறப்புக்கு முன்னாடியே முடிஞ்சிருக்கும், அதனால இதே வயசை அதுக்குப் போடாதீங்க.

இன்னொண்ணு: ஒரே ஈத்துக் குட்டிகளை (ஒரே பிரசவத்துல பிறந்தவை) தனித்தனி மாதிரியா எண்ணாதீங்க. குட்டி நிறைய இருக்கிற ஈத்துல பால் பங்கு குறையும். உடல் இளைக்கும், மூளை அந்த அளவுக்கு இளைக்காது. அதுவே ஒரே வயசுக்குள்ள சாய்வைத் தட்டையாக்கும். எந்தக் குட்டி எந்த ஈத்துன்னு பதிவு இருக்கா?

குட்டிஎலி: வில் மாதிரிதான் வளைஞ்சிருக்கு. பிரிச்சேன்: 0.88, 0.14. ஈத்து எண் 40 எலிக்குத்தான் எழுதி வச்சிருக்கேன். நன்றி.

அகிலா_உயிரியல்: அந்த 40-ஐ மட்டும் வச்சு ஒரு தடவை ஓட்டி, ரெண்டு முடிவையும் அறிக்கையில போடுங்க.